பயந்தவன் நாடி

3 பிப்ரவரி 1977, வியாழன். கிழக்கு பெர்லின்

நான் பயப்படவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பயந்தாங்கொள்ளியாக இருந்தால் பொறையாற்றிலிருந்து தனியாகக் கப்பலேறி, மிஷன்காரர்கள் தயவில் நர்ஸ் வேலை படிக்க இந்தக் குளிர் தேசத்துக்கு வந்திருப்பேனா? வந்த இடத்தில் ஒரு ஜெர்மன்காரரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு ரசமும் தமிழும் பழக்கி, இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருப்பேனா? இவர்தான் பயந்திருக்கிறார். இவருக்காகத்தான் எழுதுகிறேன். நாளைக்கு ஏதாவது ஆகி, என்றைக்கு என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவேண்டும்.

இவர் பழைய கிரேக்க வைத்திய நூல்களைப் பதிப்பிக்கிறவர். ஆராய்ச்சி நிலையத்தில் உலகச் சண்டை முடிந்த காலத்திலிருந்து அதே அறை, அதே மேஜை. கிரேக்க வைத்தியன் ஒருவன் நாடி பார்ப்பதைப் பற்றி எழுதிவைத்தான். அவன் பெயர் அழிந்துபோயிற்று. வீட்டில் நாங்கள் அவனைப் பேரில்லாதான் என்போம். அவன் எழுதியது ஒரே ஒரு தோல் சுவடியில்தான் மிஞ்சியிருக்கிறது. அதிலும் பாதியை யாரோ ஒரு சாமியார் சுரண்டிவிட்டு மேலே ஜெபம் எழுதிவைத்துவிட்டார். அந்தச் சுவடி இருப்பது இத்தாலியில். இவருக்கு மேற்கே போக அனுமதி கிடையாது. கேட்டுக் கேட்டு இப்போது கண்ணிலும் புரை விழ ஆரம்பித்துவிட்டது.

இன்று சாயந்திரம் வேலையிலிருந்து வந்தவர் தொப்பியைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார். நூலக அறையில் எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். இவர் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றதாம். ரெனாத்தே கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாளாம். ரெனாத்தே இவருடைய உதவியாளர். பத்து வருஷமாய் இவர் கையெழுத்தையெல்லாம் தட்டச்சு செய்கிறவள். அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நான் வெளியே வந்து கதவைச் சாத்தினதும் மறுபடியும் பேசினாங்க, சுகி" என்றார். யாரோ ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும், பரிசு வாங்கக் காசு பிரிப்பார்கள், உங்களுக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லி அதட்டினேன். ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

6 பிப்ரவரி, ஞாயிறு

ரெனாத்தே காப்பிக்கு வந்தாள். கூப்பிட்டது நான்தான், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆப்பிள் கேக் இரண்டு துண்டு சாப்பிட்டாள். பழைய ஆல்பத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். இவருக்குக் கண் மருத்துவரிடம் போகவேண்டிய தேதி, என் ஊர், அண்ணன் என்ன வேலை பார்க்கிறார், எல்லாம் கேட்டாள். அவள் அக்காள் மகன் தபால்தலை சேர்க்கிறானாம், இந்தியத் தபால்தலை இருக்குமா என்றாள். அண்ணன் கடிதம் வந்த உறை ஒன்று மேஜையில் கிடந்தது. கிழிக்க வேண்டாம், உறையோடு கொடுங்கள், தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால்தான் நன்றாக வரும் என்றாள். கொடுத்தேன்.

அவள் போன பிறகு ஆல்பத்தை எடுத்து வைத்தபோது பார்க்கிறேன், இவர் இளம் வயதில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற படம் இல்லை. நாலு மூலையிலும் பசை மட்டும் இருக்கிறது.

இவரிடம் சொல்லவில்லை. உறையின் பின்பக்கம் அண்ணன் தன் முழு விலாசத்தையும் முத்து முத்தாக எழுதுகிறவர் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அதையும் சொல்லவில்லை.

8 பிப்ரவரி, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். இந்த ஊரில் தமிழ் படிக்க யார் இருக்கிறார்கள்? தேடினால் ஆள் பிடித்துவிடுவார்கள்தான். இருந்தாலும் எங்கேயாவது சொல்லாமல் எனக்கு மூச்சு விடமுடியவில்லை.

யோஹென் இவரிடம் படித்த பையன். மூன்று வருஷம் எங்கள் வீட்டு மேஜையில் சாப்பிட்டான். அறுபத்தெட்டில் மேற்கே ஓடிப்போனான். சூரிக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தான். ஓடிப்போனவனோடு கடிதத் தொடர்பு வைத்தால் இங்கே ஜெயில். ஆனால் லீவு விட்டால் அவன் இத்தாலிக்குப் போய், அந்தச் சுவடியை விளக்கில் பிடித்து, சுரண்டின பக்கங்களை எழுத்தெழுத்தாகப் படித்தான். படித்ததைச் சன்னத் தாளில் எழுதிப் பொறையாற்றில் என் அண்ணன் ஞானாபரணத்துக்கு அனுப்புவான். அண்ணன் அதை மடித்துத் தன் கடிதத்துக்குள் வைத்து எனக்கு அனுப்புவார். சபை ஆராதனை, மாமரம் காய்த்தது, சித்தி பல் கட்டிக்கொண்டது, இதற்கு நடுவில் பேரில்லாதானின் நாடி. எட்டு வருஷமாய் இப்படித்தான்.

போன அக்டோபரில் யோஹென் செத்துப்போனான். மாரடைப்பு, முப்பத்தொன்பது வயது. அண்ணனுக்குச் சேதி எழுதின அவன் வீட்டுக்கார அம்மாள் அறையைக் காலி செய்து காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டாளாம். ஆகவே இப்போது அந்தப் படிப்பு முழுவதும் இருப்பது எங்கள் வீட்டில், ஒரு பிஸ்கட் டப்பாவில். இத்தாலிக்கு ஒருதரம் விட்டால் போதும், நானே போய்ப் பார்த்ததாகச் சொல்லி அத்தனையும் பதிப்பில் சேர்த்துவிடுவேன் என்று இவர் காத்திருக்கிறார். அதுவரை ஒரு வரியைக்கூட அலுவலகத் தாளில் ஏற்ற முடியாது. நீ எங்கே பார்த்தாய் என்று கேட்பார்கள்.

அவன் செத்ததற்கு நான் அழவில்லை. வாரம் தப்பாமல் என் கோழிக்குழம்பைத் தின்றவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடினான், அவனுக்காக நான் ஏன் அழவேண்டும்? அவன் உட்காரும் நாற்காலி கால் ஆடுகிறது. சரி செய்ய வேண்டும்.

11 பிப்ரவரி, வெள்ளி

இவர் எழுதிய எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டுமாம். நிலையத்துச் செயலாளர் அம்மாள் கேட்டிருக்கிறாள். முப்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து. சின்ன மதிப்புரைகூட விடக்கூடாதாம். எதற்கு என்றால் "மேலே கேட்கிறார்கள்" என்றாளாம்.

உளவுத்துறையை எங்கள் வீட்டில் சம்பந்தி வீட்டார் என்று சொல்வோம். சொல்லாமல் வருவார்கள், எதிலும் குறை கண்டுபிடிப்பார்கள் என்று நான் வேடிக்கையாக வைத்த பெயர். இன்று சாப்பிடும்போது இவர் அதைச் சொன்னார், எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. "சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வர்றதுக்கு முன்னாடி ஜாதகம் கேக்கறாங்க" என்றார்.

12 பிப்ரவரி

நிலக்கரிக் கட்டி வந்தது. பாதி ஈரம்.

17 பிப்ரவரி, வியாழன்

காலையில் வாசல்மணி அடித்தது. கையிலிருந்த தட்டை விட்டுவிட்டேன். கீழ்வீட்டுப் பெண், சர்க்கரைக் கடன் கேட்க வந்தவள்.

இவர் என்னை உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல், கண்ணை மூடிக்கொண்டு. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, இன்றும் விடவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லப்போகிறீர்களா என்றேன். காய்ச்சல் நாடியும் பயந்தவன் நாடியும் கெட்ட வைத்தியனுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்று பேரில்லாதான் எழுதியிருக்கிறானாம். இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது என்றும் எழுதியிருக்கவேண்டுமே என்றேன்.

"அதுக்கு அடுத்த பக்கம்தான் சுரண்டிட்டாங்களே" என்றார். யோஹென் கடைசியாகப் படித்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தைத்தானாம். அது வந்து சேரவில்லை. இவர் அந்தப் பையனைப் பற்றிப் பேசினால் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். இன்றும் போனேன்.

22 பிப்ரவரி, செவ்வாய்

இத்தாலியிலிருந்து பேராசிரியர் பெனுச்சியின் அஞ்சலட்டை. அவரும் கிரேக்க வைத்தியம்தான். இரண்டு பேரும் இருபது வருஷமாய்க் கடிதத்திலேயே சண்டை போட்டுக்கொள்கிற சிநேகிதர்கள். முன்பக்கம் ஏதோ ஒரு நீரூற்று. பின்பக்கம் ஜெர்மனில் இவ்வளவுதான்: "அன்புள்ள ஆல்பிரெக்ட், என்னிடமும் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். சின்ன விஷயம்தான், உங்கள் தகுதிக்குப் போதாது. மன்னித்துவிடுங்கள்."

இவர் அதை நாலைந்து தரம் படித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பெனுச்சியும்" என்றார். சாப்பிடவில்லை.

இத்தாலிக்காரனைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு தூரத்திலிருந்து சுற்றி வளைக்கிறார்கள்! அங்கே இத்தாலி நூலகத்தில் யார் வந்து அந்தச் சுவடியைக் கேட்டார்கள் என்று பெயர் எழுதிவைப்பார்களே. யோஹென் பெயர் வருஷா வருஷம் அதில் இருக்குமே. அதைத்தான் அந்த மனுஷன் கொடுத்திருப்பான். மன்னிப்பு வேறு கேட்கிறான், வெட்கங்கெட்டவன்.

1 மார்ச், செவ்வாய்

இவர் பிஸ்கட் டப்பாவை என் கையில் கொடுத்தார். எங்கேயாவது வை, எங்கே என்று எனக்குச் சொல்லாதே என்றார். கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால் தன்னால் பொய் சொல்ல முடியாது, தெரியாததைச் சொல்லவும் முடியாது என்றார். படித்த மனுஷன் யோசனை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றால் அடுத்தபடி யாரை உட்காரவைப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் எடுத்துக்காட்டவில்லை.

கொடுக்கிறதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து, மேலே இருந்த தாளை மூக்குக்கு நேரே பிடித்துப் படித்தார். இது முழுதும் அச்சில் வந்துவிட்டால் தனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார். பிறந்தநாளுக்குக் கேக்கும் வேண்டாமாம். இருபத்தைந்தாம் தேதி இவருக்கு அறுபது முடிகிறது.

நிலவறையில் உருளைக்கிழங்குக் கூடைக்கு அடியில் வைத்தேன்.

9 மார்ச், புதன்

கட்டடப் பொறுப்பாளர் நிலவறைச் சாவிகளையெல்லாம் சரிபார்க்கிறாராம். எங்கள் தடுப்புக்கு முன்னால் நின்று, இந்த வருஷம் எவ்வளவு உருளைக்கிழங்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மனுஷர் பேச்சுக்குக் கேட்டாரோ என்னவோ. நான் இரண்டு கூடை என்று சொல்லிவிட்டு, கேட்காமலே, ஒன்றில் முளை விட்டுவிட்டது, அழுகல் வேறு, யாரும் கை வைக்கவேண்டாம் என்றெல்லாம் உளறினேன்.

அவர் போனதும் டப்பாவை மேலே கொண்டுவந்து மாவு டின்னுக்குள் வைத்தேன். பிறகு துணிக்கூடையில். பிறகு மறுபடி மாவு டின்னில்.

14 மார்ச், திங்கள்

அண்ணன் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அன்புள்ள தங்கை சுகிர்தத்துக்கு. இங்கே கர்த்தர் கிருபையால் சுகம். மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு அனுப்பவேண்டிய தாள் ஏதாவது உங்கள் கையில் தங்கியிருக்கிறதா, இருந்தால் எங்களுக்கு அனுப்பவும், அவருக்குத் தெரியவேண்டாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். யோஹென் தம்பி கடைசியாக அனுப்பினது ஒன்று என்னிடம் இருந்தது. அவர் காலமான துக்கத்தில் அதை எடுத்து வைத்தது மறந்தேபோயிருந்தேன். பெரிய இடத்திலிருந்து கேட்கிறார்களே என்று உடனே அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையிடம்தான் சொல்லக்கூடாது, உன்னிடம் சொல்லலாமல்லவா? மழை இல்லை."

அண்ணன் வாத்தியார் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அரசாங்க முத்திரை வைத்த காகிதத்தைக் கண்டால் எழுந்து நிற்கிறவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உறையைத் தூக்கிக் கொடுத்தவள் நான்தானே.

தெரிந்துவிட்டது. பொறையாறு வரைக்கும் தெரிந்துவிட்டது. யோஹென் கையெழுத்து அவர்கள் மேஜையில் இருக்கிறது. இனி வீட்டுக்கு வருவது ஒன்றுதான் பாக்கி. வந்து மாவு டின்னைக் கவிழ்த்தால் அதே கையெழுத்தில் எட்டு வருஷத்துத் தாள். ஒரு தாள் என்றால் தெரியாமல் வந்தது என்று சாதிக்கலாம். டப்பா நிறைய இருந்தால் என்ன சொல்ல முடியும்? கண் தெரியாத மனுஷனை ஜெயிலில் போட்டால் எத்தனை நாள் தாங்குவார்? நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். தாங்கமாட்டார்.

இவரிடம் கடிதத்தைக் காட்டவில்லை.

15 மார்ச், செவ்வாய்

இவர் காலையில் வேலைக்குப் போனார். கணப்படுப்பு இன்று நன்றாகப் பிடித்தது. ஈரக்கரிதான், ஆனாலும் பிடித்தது. சன்னத் தாள் சத்தமே இல்லாமல் எரியும். ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும், சேர்த்துப் போட்டால் புகை வரும். சில தாளின் ஓரத்தில் எனக்கென்று ஜெர்மனில் ஒரு வரி எழுதியிருக்கும்: இங்கே கொத்தமல்லி கிடைக்கிறது அம்மா. மிளகுக்குப் பதில் என்ன போடலாம் அம்மா. அதையெல்லாம் நான் படித்துக்கொண்டு நிற்கவில்லை.

மத்தியானம் சாம்பலை அள்ளிக் கீழே தொட்டியில் கொட்டினேன். டப்பாவைக் கழுவி அதில் கிராம்பு போட்டு வைத்தேன்.

சாயந்திரம் இவர் வந்து, பத்திரமா இருக்கா என்று கேட்டார். இனிமேல் யாராலும் எடுக்க முடியாது என்றேன். என் தலையில் கை வைத்து, நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன் என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டார்.

18 மார்ச், வெள்ளி

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

21 மார்ச், திங்கள்

டைரக்டர் இவரை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நிலையத்தின் பெரிய கூடத்துக்கு வரவேண்டும். நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வரவேண்டும். மனைவியையும் அழைத்துவரவேண்டும்.

எல்லோர் முன்னாலும் வைத்து விசாரிப்பார்கள் என்று இவர் சொல்கிறார். ஐம்பத்தெட்டில் ஒரு கணித ஆசிரியரை அப்படித்தான் செய்தார்களாம். கூடத்தில் நிற்கவைத்து, கூட வேலை பார்த்தவர்களே எழுந்து ஒவ்வொருவராக அவர்மேல் குற்றம் படித்தார்களாம். உங்கள் பிறந்தநாளிலேயே வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்றேன். தேதி தற்செயலாக அமைந்திருக்கும் என்றார். இவருக்கு மனுஷர்களைப் பற்றி அவ்வளவு நல்ல எண்ணம்.

என்னையும் ஏன் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

24 மார்ச், வியாழன்

ஒரு பையில் இவருக்குக் கம்பளி உள்ளாடை இரண்டு, பல்பொடி, கண்மருந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தேன். இன்னொரு பையில் எனக்கு. வேதாகமத்தை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, டப்பா கிடைக்காத வரைக்கும் நம்மை ஒன்றும் செய்ய முடியாது சுகி என்று தேற்றினார்.

கிடைக்காது என்றேன்.

25 மார்ச், வெள்ளி. சாயந்திரம்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். கூடத்தின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே நிறையப் பேர் இருக்கிற சத்தம். இவர் என் கையைப் பிடித்தார். கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. இவர் தோள் குறுகியதைப் பார்த்தேன். பிறகு எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. முன்வரிசையில் பெனுச்சி, இத்தாலியிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார், வழுக்கைத் தலையும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாக. மேஜையில் பூ. பூவுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம், நீல அட்டையில் இவர் பெயர் பொன்னெழுத்தில். உள்ளே முதல் பக்கத்தில் தொப்பி போட்ட இளம் வயதுப் படம். கடைசியில் இவர் எழுதிய அத்தனைக்கும் பட்டியல். நடுவில் இருபது பேர் இவருக்காக எழுதிய இருபது கட்டுரை. மணிவிழா மலர். நம் ஊரில் பெரிய வாத்தியாருக்கு அறுபது முடிந்தால் போடுவார்களே, அதேதான். என் அப்பாவுக்கே சபையில் போட்டார்கள். எனக்கு அது ஏன் தோன்றவில்லை? இந்த ஊர் வழக்கப்படி கையில் கொடுக்கிற நாள்வரை சம்பந்தப்பட்டவருக்கு மூச்சுவிடக் கூடாதாம். இவருக்கும் தெரிந்த வழக்கம்தானே, எத்தனை பேர் மலருக்கு இவரே ஒளித்து ஒளித்து எழுதிக்கொடுத்திருக்கிறார். தனக்கும் செய்வார்கள் என்று மட்டும் இவருக்கு நினைப்பு வரவில்லை.

பெனுச்சி இவரைக் கட்டிக்கொண்டு, தன் கட்டுரை ரொம்பச் சின்னது, வெட்கமாயிருக்கிறது என்று மறுபடி மன்னிப்புக் கேட்டார். இவர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நானும் சிரித்தேன், காலடியில் இரண்டு பை இருக்க.

ரெனாத்தே என்னை ஜன்னல் பக்கம் அழைத்துப்போனாள். படத்தை எடுத்ததற்கு மன்னிக்கவேண்டும் என்றாள். உங்களிடமாவது சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் முகம் ஒன்றையும் மறைக்காதே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். யோஹென் எழுதுகிற விதம் தனக்குத் தெரியும் என்றாள். ஐந்து வருஷமாகவே, இவர் வாயிலிருந்து திடீர் திடீரென்று வருகிற யோசனைகள் யாருடையவை என்று தெரியும், இந்தியத் தபால்தலையைப் பார்த்ததும் வழியும் தெரிந்துவிட்டது என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. அவன் செத்துப்போனது சூரிக்கிலிருந்து தன் அத்தை மூலம் கேள்விப்பட்டாளாம். அவனுடைய தாள் ஒன்றாவது இந்த மலரில் வரவேண்டும் என்று நினைத்து, உறையிலிருந்த விலாசத்துக்கு எழுதிக் கேட்டாளாம். ஓடிப்போனவன் பெயரை அச்சில் போட விடமாட்டார்கள். ஆகவே அச்சகத்தில் கெஞ்சிக் கடைசி நேரத்தில் வேறு பெயரில் போடவைத்தாள்.

புத்தகத்தைப் புரட்டிக் கடைசிக் கட்டுரையைக் காட்டினாள். ஒரே ஒரு பக்கம். மேலே என் அண்ணன் பெயர்: ஞானாபரணம், பொறையாறு.

"இனி அவர் மீதியை வைத்து முடித்துவிடுவார்" என்றாள் ரெனாத்தே. அப்போது சிரித்தாள். அழகான சிரிப்பு. ஒரு பல் கொஞ்சம் கோணல்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகம் ஒன்றையும் மறைக்காது என்றாளே, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

இவர் நன்றி சொல்லிப் பேசினார். பேச்சு முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமிழில், காதோடு சொன்னார்: "வீட்டுக்குப் போனதும் டப்பாவை எடு சுகி. இந்தப் பக்கம் எதோடு சேருதுன்னு பாக்கணும்."

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். டிராமில் உருப்பெருக்கியைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். காய்ச்சல் நாடியையும் பயந்தவன் நாடியையும் எப்படிப் பிரிப்பது என்ற பக்கம்தான் அது. உள்ளே நுழைந்ததும் கையைப் பிடிக்காதே, அவன் உன்னைக் கண்டு பயந்திருக்கிறான். உட்கார். வேறு ஏதாவது பேசு. பிறகு தொட்டுப் பார். இவ்வளவுதான் இருக்கிறது. எவ்வளவு எளிமை பார் என்றார், டிராமில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

வீட்டுக்கு வந்து மேஜையைத் துடைத்து, விளக்கை இழுத்து வைத்து, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சின்னப் பையன் சாப்பாட்டுக்கு உட்காருகிற மாதிரி இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சமையலறையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எடுத்து வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது கூப்பிடுகிறார்.

அதே நாள், பிறகு

போனேன். "எரிச்சுட்டேன்" என்றேன்.

"எதை?" என்றார். பிறகு, "எல்லாமா?" என்றார்.

"எல்லாம்."

அண்ணன் கடிதத்தை மேஜையில் வைத்தேன். உறை கொடுத்ததைச் சொன்னேன். உங்களைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்துவிட்டேன், எனக்கு உங்களைத் தவிர இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்றேன். அவன் என்னை அம்மா என்று எழுதியிருந்தான், அதையும் போட்டுவிட்டேன் என்றேன்.

இவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். நான் சாபத்துக்குக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். யோஹென் நாற்காலி; கால் ஆடியது. இது இன்னும் சரி பண்ணலியா என்று கேட்டார். இல்லை என்றேன். பெனுச்சிக்கு முடி எல்லாம் போயிடுச்சு பாத்தியா என்றார். பார்த்தேன் என்றேன். ரெனாத்தேக்கு ஒரு நாளைக்கு ரசம் வச்சுக் குடு என்றார். சரி என்றேன்.

அப்புறம் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று விரல். கண்ணை மூடிக்கொண்டார். விரல் பனிக்கட்டியாக இருந்தது.

26 மார்ச், சனி

காலையில் எழுந்து வந்தபோது இவர் எனக்கு முன்னாலேயே எழுந்திருந்தார். கணப்படுப்பின் முன்னால் முழங்காலிட்டு, சாம்பல் தட்டை வெளியே இழுத்து, உருப்பெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றைய கரிச் சாம்பல்தான் அது. அன்றையது என்றைக்கோ தொட்டியோடு போய்விட்டது. அது அவருக்கும் தெரியும்.

என்னைக் கண்டதும் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு நான் அள்ளிக் கொட்டறேன்" என்றார்.